மாதர் நேரமும் வயல் நேரமும்

தமிழில் வானொலியைப் பற்றி எழுதப்பட்ட நினைவுக் கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் படித்தால் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் சில உண்டு. தேநீர்க் கடை, முடிதிருத்தும் கடை, படிப்பகத் திண்ணை, விடுதியின் மொட்டைமாடி. கையில் டிரான்சிஸ்டருடன் ஓர் இளைஞன் இருப்பான். கே.எஸ். ராஜாவின் குரலும் கிரிக்கெட் வர்ணனையும் இரவுப் பாடல்களும் அவனுடைய இளமையாக விரியும். பெண்கள் இந்த எழுத்துகளில் இல்லாமல் இல்லை. அம்மா அடுப்படியில் பாட்டைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார். அக்கா ஒரு பாட்டுக்காகக் காத்திருப்பாள். ஆனால் பெட்டியைத் திறப்பதும் மூடுவதும் நிலையத்தை மாற்றுவதும் இன்னொருவர் கையில் இருக்கும். அந்தக் கையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

மத்திய அலை வானொலி இன்று மறைந்துகொண்டிருக்கிறது. மறைகிற எதைப் பற்றியும் ஏக்கத்தோடு எழுதுவது எளிது. எனக்கு அந்த ஏக்கத்தில் முழுப் பங்கு கிடையாது. நான் கேட்க விரும்புவது இதுதான்: திருச்சி வானொலியின் நிகழ்ச்சி நிரல் எந்தப் பெண்ணை மனத்தில் வைத்துப் போடப்பட்டது? மனத்தில் வைக்கப்படாத பெண் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டாள்?

இதைக் கொடும்பாளூரிலிருந்து கேட்கிறேன். அங்கே வானொலி நிலையம் இருந்ததில்லை. திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், விராலிமலையைத் தாண்டியதும், பெருவழியிலிருந்து சற்று விலகிக் கிடக்கும் ஊர் அது. வானொலி வரலாறுகள் எல்லாம் நிலையத்திலிருந்து எழுதப்பட்டவை. யார் இயக்குநர், யார் வித்வான், எத்தனை கிலோவாட் என்று அவை போகும். கேட்கும் ஊரிலிருந்து பார்த்தால் வேறு வரலாறு தெரியும்.

கொடும்பாளூருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் வழிகள் பிரியும் இடமாக இவ்வூர் வருகிறது. மறையோன் ஒருவன் வழி சொல்கிறான். கோவலன் கேட்கிறான். கவுந்தியடிகள் மறுமொழி தருகிறார். அதே வழியில் நடக்கப்போகிற கண்ணகி, கோவலனுடன் வந்தவளாகக் குறிப்பிடப்படுகிறாள். அவளை நோக்கி ஒரு சொல்லும் இல்லை. பேசுகிறவர், பேசப்படுகிறவர், பக்கத்தில் நின்று காதில் வாங்கிக்கொள்கிறவர் என்ற மூன்று நிலைகளை இங்கே பார்க்கலாம். வானொலி தமிழ்ப் பெண்களில் பெரும்பாலோரை மூன்றாவது நிலையில்தான் வைத்திருந்தது.

அலையும் அட்டவணையும்

சென்னையில் ஒலிபரப்பு 1924இல் மதராஸ் மாகாண வானொலிக் கழகத்தின் முயற்சியாகத் தொடங்கியது. அது பணமின்றி நின்றுபோனபின் 1930இல் சென்னை மாநகராட்சி எடுத்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும், திருச்சி நிலையம் 1939 மே 16இலும் ஒலிக்கத் தொடங்கின. நாடு விடுதலை அடைந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்த நிலையங்கள் ஆறே. டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. அந்த ஆறில் இரண்டு தமிழ் நிலத்தில் இருந்தன. கொடும்பாளூர் அப்போது புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்துக்குள் இருந்தது. 1948இல்தான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே திருச்சியின் அலை எல்லைக்கல்லைக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டது.

'ஏ.எம்.' என்பது ஒலிக்கேற்ப அலையின் வீச்சை ஏற்றி இறக்கி அனுப்பும் முறை. மத்திய அலையில் அனுப்பும்போது அது பகலில் நிலத்தை ஒட்டிப் பரவும். இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிவந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி விழும். மலையோ மரமோ பெரிதாகத் தடுக்காது. இடி இடித்தால், பம்புசெட் மோட்டார் ஓடினால், கரகரக்கும். பெட்டிக்குள் இருக்கும் கறுப்புக் கம்பியில்தான் அலை பிடிபடுகிறது என்பதால், பெட்டியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவைத்தால் ஒலி கூடும், குறையும். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸில் வந்தது. எண் தெரியாதவர்களுக்கும் முள் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும்.

இந்த அலை எல்லோருக்கும் பொது. அதில் ஏற்றப்பட்ட அட்டவணை பொதுவானதல்ல. காலை, நண்பகல், மாலை என்று மூன்று ஒலிபரப்புகள். காலையில் மங்கல இசை, பக்திப் பாடல், செய்தி. மாலையில் மாநிலச் செய்தி, கிராமத்தாருக்கான நிகழ்ச்சி, கச்சேரி, நாடகம். இடையில் 'தனிப்பிரிவு நேயர்கள்' என்று நிலையங்கள் வகுத்துக்கொண்டவர்களுக்கான நேரங்கள். சிறுவர், இளைஞர், தொழிலாளர், கிராமத்தார், படைவீரர், மகளிர். பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மக்கள்தொகையில் பாதியாக இருப்பவர்கள் ஒரு தனிப்பிரிவு. அப்படியானால் பிரிவு எதிலும் சேராத 'பொது நேயர்' யார்? நகரத்தில் இருக்கும், படித்த, அலுவலகம் போகும், வளர்ந்த ஆண். அவனுக்கென்று ஒரு நிகழ்ச்சி தேவைப்படவில்லை. நாள் முழுவதும் அவனுடையதாக இருந்தது.

நண்பகலில் வீட்டில் இருப்பவள்

மகளிர் நிகழ்ச்சிக்குப் பகல் ஒலிபரப்பில் இடம் தரப்பட்டது. கணவன் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், சமையல் முடித்து, சற்று ஓய்ந்திருக்கும் பெண்ணுக்கு அது பொருத்தமான நேரம். சமையல் குறிப்பு, குழந்தை வளர்ப்பு, கைவேலை, மருத்துவர் பேச்சு, ஒரு சிறுகதை, ஒரு கீர்த்தனை என்று அது போகும். இவை பயனற்றவை என்று நான் சொல்லவரவில்லை. மகப்பேறு பற்றியும் மாதவிடாய் பற்றியும் மருத்துவர் ஒருவர் வெளிப்படையாகப் பேசுவதை முதன்முதலாக வானொலியில் கேட்ட பெண்கள் பலர். எழுதும் பெண்கள் சிலருக்கு முதல் மேடையும் சிறு சன்மானமும் அங்கேதான் கிடைத்தன.

ஆனால் அந்த நேரம் ஒரு குறிப்பிட்ட பெண்ணின் நேரம். நண்பகலில் வீட்டில் இருக்க வாய்த்தவளின் நேரம். கொடும்பாளூர்ப் பக்கத்தில் கண்மாய் நிறைந்த ஆண்டுகளில் அந்த நேரத்துக்குப் பெண்கள் நடவிலோ களையெடுப்பிலோ இருப்பார்கள். கண்மாய் வற்றிய ஆண்டுகளில் கடலைக் காட்டிலோ கல் உடைக்கும் இடத்திலோ விறகு தேடியோ இருப்பார்கள். என் அப்பாயியிடம் ஒருமுறை மாதர் நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டேன். “அது டீச்சரம்மா வீட்டுல கேக்குறது. நமக்கு அது நடவு நேரமில்ல?” என்றது. திருச்சி நிலையம் 'மகளிர்' என்று சொன்னபோது அந்தச் சொல்லுக்குள் தான் இல்லை என்பதை அப்பாயி எந்தக் கோட்பாட்டு நூலும் படிக்காமல் தெரிந்துவைத்திருந்தது. அதில் வருத்தமும் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போன்ற தகவல்.

வயலுக்கான நிகழ்ச்சியிலாவது அவள் இருந்தாளா? வானொலியின் வேளாண் ஒலிபரப்புக்கு வழங்கிய பெயர்களில் ஒன்று 'வீடும் வயலும்'. அந்தத் தலைப்பில் உள்ள 'உம்' பெரிய வேலை செய்கிறது. வீட்டை ஒருவருக்கும் வயலை இன்னொருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, இரண்டையும் இணைத்ததாகக் காட்டுகிறது. உரமும் விதையும் பூச்சிமருந்தும் உழவர் பெருமக்களுக்கு. சத்துணவும் சேமிப்பும் தாய்மார்களுக்கு. நாற்றைப் பறித்து, முடி கட்டி, குனிந்து நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்தவர்கள் யார் என்று அந்தத் தலைப்புக்குத் தெரியவில்லை.

திருச்சி வானொலியின் பெருமையாக எப்போதும் சொல்லப்படுவது 'ரேடியோ நெல்'. ஆடுதுறையில் உருவாக்கப்பட்ட ஏ.டி.டி. 27 என்ற குறுகியகால நெல், 1960களின் நடுவில் தஞ்சை உழவர்களிடம் வானொலி வழியாகப் பரவியதால் அந்தப் பெயர் பெற்றது. ஒரு வானொலி நிலையம் ஒரு பயிருக்கே பெயர் தந்தது அரிய செய்திதான். வளர்ச்சித் தொடர்பியல் வகுப்புகளில் இன்றும் இது பாடம். அந்தப் பாடத்தை இன்னொரு பக்கத்திலிருந்து படித்தால் என்ன கிடைக்கும்? குறுகியகாலப் பயிர் என்றால் ஆண்டுக்கு இன்னொரு போகம். இன்னொரு போகம் என்றால் இன்னொரு நடவு, இன்னொரு களை, இன்னொரு அறுப்பு. புது ரகங்களோடு வரிசை நடவும் வந்தது. கயிறு பிடித்து இடைவெளி பார்த்து நடுவது பெண்களின் வேலை. விதையைப் பற்றி வானொலியில் கேட்டவர் வேறு; அந்த விதை கேட்ட உழைப்பைக் கொடுத்தவள் வேறு. நடவுக்கூலி என்ன, ஆண் கூலிக்கும் பெண் கூலிக்கும் ஏன் வேறுபாடு என்பதை ஒரு நிகழ்ச்சி வடிவமாக யோசித்துப் பார்க்க அந்த அட்டவணையில் கட்டம் இருக்கவில்லை.

குமிழைத் திருப்பும் கை

வானொலிப் பெட்டி வைத்திருக்க ஒரு காலத்தில் அஞ்சலகத்தில் உரிமம் எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. உரிமம் வீட்டு ஆணின் பெயரில் இருக்கும். கல்யாணச் சீரில் கைக்கடிகாரம், சைக்கிளோடு ரேடியோவும் சேர்ந்தது. பெண்ணின் அப்பா கடன்பட்டு வாங்கிய பெட்டி, பெண்ணோடு வந்து, மாப்பிள்ளையின் பெட்டியானது. அவள் அதைத் துடைத்து, பூப்பின்னல் துணி போட்டு மூடிவைக்கலாம். பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பேச்சு வராமல் அவளாகத் திறந்து கேட்க முடிந்த வீடுகள் எத்தனை?

நெருக்கடிநிலைக் காலத்தில் நாட்டின் சில பகுதிகளில் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஆண்களுக்கு டிரான்சிஸ்டர் ஊக்கப்பொருளாகத் தரப்பட்டது. ஆண் உடலுக்கு அரசு வைத்த விலைகளில் ரேடியோவும் ஒன்று. 1977க்குப் பிறகு அந்த அறுவை பெரும்பாலும் பெண்களின் உடலுக்கு மாற்றப்பட்டது. குடும்பநல விளம்பரங்கள் வானொலியில் தொடர்ந்து ஒலித்தன. அளவான குடும்பத்துக்குப் பொறுப்பு இப்போது தாய்மாருடையது.

பெட்டி இல்லாத ஊர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ஓர் அறைக்குள் பெட்டி, கூரை மேல் கூம்பு ஒலிபெருக்கி. மாலையில் மந்தையில் ஆண்கள் உட்கார்ந்து செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் கேட்பார்கள். அது எந்தத் தெருவில் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஊர்த்தெருவில் இருந்தது. சேரியிலிருந்து வந்து அங்கே சமமாக உட்கார முடியாது. பெண்கள் எந்தச் சாதியானாலும் அங்கே உட்கார முடியாது. ஆனால் கூம்பு ஒலிபெருக்கிக்குத் தெரு தெரியாது. தண்ணீர் எடுக்கப் போகிறவள், மாட்டைப் பிடித்துக் கட்டுகிறவள், சேரியில் உலை வைக்கிறவள், எல்லோருக்கும் அது கேட்டது. கால் போக முடியாத இடத்துக்குச் செவி போனது. மத்திய அலை வானொலி உழைக்கும் பெண்களுக்குச் செய்த நன்மை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அவளுக்கென்று அனுப்பப்படாததை அவள் கேட்டுக்கொண்டாள். சந்தை நிலவரம், புயல் எச்சரிக்கை, தேர்தல் முடிவு, யாருக்கோ எழுதப்பட்ட நாடகம். இந்தக் கேட்பை எந்த நேயர் கணக்கெடுப்பும் கணக்கில் எடுத்திருக்காது. கேட்டவள் 'நேயர்' அல்ல. அவள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தவள்.

இதே மாவட்டத்தில் வேறொன்றும் நடந்தது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், புதுக்கோட்டைப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். சீர்ப்பட்டியலில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த பொருள் சைக்கிள். அது ஆணின் வாகனமாக இருந்து பெண்ணின் வாகனமாக மாறியது. யாரோ ஓட்டப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் முன்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தாள். வானொலிக்கு அப்படி ஓர் இயக்கம் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் ஒலிவாங்கியின் முன்னால் வந்து உட்காரவில்லை.

யார் பாடலாம்

பெண்குரல் வானொலியில் இல்லையா என்று கேட்கலாம். நிறையவே இருந்தது. எந்தப் பெண்ணின் குரல் என்பதுதான் வழக்கு. 1946இல் இடைக்கால அரசில் தகவல் ஒலிபரப்புப் பொறுப்பை ஏற்ற சர்தார் படேல், சொந்த வாழ்க்கை ஊரறிந்த அவதூறாக இருப்பவர்களை வானொலியில் பாடவிடக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தார். சொல் பொதுவாக இருந்தாலும் அடி விழுந்தது வடக்கே தவாயிஃப் மரபில் வந்த பாடகிகள்மேல். அதுவரை இந்துஸ்தானி இசையை வானொலிக்குச் சுமந்துவந்தவர்களில் முதன்மையானவர்கள் அவர்கள். மணமானவள் என்ற சான்று இசையறிவுக்கு முன்னே வந்து நின்றது. அக்தரிபாய் ஃபைசாபாதி திருமணத்துக்குப்பின் பாட்டை நிறுத்தியிருந்து, 1949இல் லக்னோ வானொலிக்குத் திரும்பியபோது பேகம் அக்தர் ஆகியிருந்தார். வித்வானின் சொந்த வாழ்க்கையை யாரும் அப்படி வரிசையில் நிறுத்தி விசாரித்ததாக இசை வரலாறு சொல்லவில்லை.

தெற்கே இதே சீர்திருத்தம் வேறு வழியில் வந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிய போராட்டம், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக முடிந்தது. சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் கொடுமையை நிறுத்தியது அது. அந்த நிறுத்தம் வேண்டியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்தப் பெண்களிடமிருந்த கலைக்கு என்ன வழி என்று சட்டமும் கேட்கவில்லை, வானொலியும் கேட்கவில்லை. கொடும்பாளூருக்குப் பக்கத்திலேயே விராலிமலை முருகன் கோயிலில் சதிராடிய பெண்கள் இருந்தார்கள். ஆடும்போதே பாடவும் செய்தவர்கள். அந்த மரபின் கடைசிக் கலைஞராக அறியப்பட்ட முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. திருச்சி நிலையம் தொடங்கியதற்கும் இந்த விருதுக்கும் இடையே 83 ஆண்டுகள். நிலையத்துக்கும் விராலிமலைக்கும் இடையே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்.

உழைக்கும் பெண்ணின் குரலுக்கு 'கிராமிய இசை' என்ற வாசல் திறந்திருந்தது. கொல்லங்குடி கருப்பாயி அந்த வாசல் வழியாக வந்தவர். 'ஆண் பாவம்' (1985) படத்தில் தமிழகம் அவரைப் பார்ப்பதற்கு முன்பே வானொலி நேயர்களுக்கு அவர் குரல் தெரியும். அவர் பெற்ற இடம் அவருடைய திறமையால் வென்றது. அந்த வாசலின் அகலத்தைத்தான் நான் அளக்கிறேன். நடவுப் பாட்டு பாடலாம், தாலாட்டு பாடலாம், ஒப்பாரி வைக்கலாம். பாட்டு முடிந்ததும் கூலியைப் பற்றி இரண்டு வார்த்தை பேச முடியாது. பாடும்போது அவள் கிராமத்தின் குரல். பேசினால் அவள் தனி ஆள். அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

கொழும்பிலிருந்து ஒலித்த பெயர்

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை வானொலியிலிருந்து ஏறத்தாழ விரட்டினார். செவ்வியல் இசையால் மக்களின் ரசனையைத் திருத்தலாம் என்பது அவர் நம்பிக்கை. மக்கள் திருந்தவில்லை, முள்ளைத் திருப்பினார்கள். 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலிக்குத் தமிழ்நாடு திரும்பியது. பாக் நீரிணையின் உப்புநீர் மேல் மத்திய அலை தங்குதடையின்றி வரும். புதுக்கோட்டைப் பக்கத்தில் கொழும்பு உள்ளூர் நிலையம்போலக் கேட்டது. 1957 அக்டோபர் 3இல் விவிதபாரதி தொடங்கப்பட்டது இந்த இழப்பைச் சரிக்கட்டத்தான்.

இலங்கை வானொலி நமக்குக் கொடுத்த வடிவங்களில் பெண்ணியக் கண்ணோடு பார்க்க வேண்டியது நேயர் விருப்பம். அஞ்சலட்டையில் பாட்டின் பெயரையும் நம் பெயரையும் ஊரையும் எழுதிப்போட்டால், அந்தப் பாட்டுக்கு முன்னால் பெயர் வாசிக்கப்படும். இதை விடலைத்தனம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கல்லில் இரண்டு பெண்களின் பெயர்கள் உள்ளன. பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை பெயராலும் மூன்று விமானங்கள் எடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இன்று நிற்பவை இரண்டு. பெண்ணின் பெயர் ஊரறிய நிலைக்க வேண்டும் என்றால் அவள் அரசி ஆகவேண்டும், அதையும் அரசன் வெட்டிவைக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கிராமத்துப் பெண்ணின் பெயர் ஊர்ப்பொதுவில் உரக்கச் சொல்லப்பட்ட இடங்கள் எவை? கல்யாணப் பத்திரிகை, வாக்குச்சாவடி, சாவு மேளம். அஞ்சலட்டை வேறொரு இடத்தை உண்டாக்கியது. எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும் என்று ஒரு பெண் கடல் கடந்து சொல்லியனுப்ப, அவள் பெயரை ஒருவர் மரியாதையோடு வாசித்தார். ஆசை என்பதை அவள் பெயருக்குப் பக்கத்தில் வைத்து ஊர் கேட்டது. அதனால்தான் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் தெரியாமல் எழுதவேண்டியிருந்தது. அதனால்தான் சிலர் தம்பி பெயரிலும் புனைபெயரிலும் எழுதினார்கள்.

அதே நிலையம் பெண்களுக்காக நடத்திய நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் 'பூவும் பொட்டும்'. நடத்தியவர் ராஜேஸ்வரி சண்முகம். 2012இல் அவர் மறைந்தபோது கடலின் இரு கரையிலும் துக்கம் இருந்தது. நாடக நடிகையாக வானொலிக்குள் வந்து, அழுத்தம் திருத்தமான தமிழால் ஒரு தலைமுறையின் செவியை வளர்த்தவர். இந்தத் தமிழுக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆயினும் தலைப்பைத் தப்பவிட முடியாது. பூவும் பொட்டும் எடுக்கப்பட்டவளுக்கு அந்த வாசலில் என்ன வேலை? கணவனை இழந்தவளும் கைவிடப்பட்டவளும் மங்கையர் இல்லையா? கேட்டார்கள், நிச்சயமாகக் கேட்டார்கள். இங்கேயும் தங்களுக்கு அனுப்பப்படாததைத்தான் கேட்டார்கள்.

அதிகாரத்தின் மொழியைப் பேசிய பெண்குரல் என்றால் சரோஜ் நாராயணசுவாமி. டெல்லியிலிருந்து காலை 7.15க்கு வரும் தமிழ்ச் செய்தியில், போரும் பட்ஜெட்டும் தலைவர்களின் மரணமும் ஒரு பெண் சொல்லித் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தன. குழையாத, கெஞ்சாத, கொஞ்சாத குரல். பெண்குரல் என்றால் இனிமை என்ற எதிர்பார்ப்பை அது தினமும் பத்து நிமிடம் பொய்யாக்கியது. 2022இல் அவர் மறைந்தபின் வந்த அஞ்சலிகள் பல 'கம்பீரம்' என்றன, வியப்போடு. ஒரு பெண்ணுக்கு அந்தச் சொல்லைத் தர நமக்கு வியப்பு தேவைப்படுகிறது. அவர் வாசித்தது பிறர் எழுதிய செய்தி என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நிலையங்களின் படிக்கட்டில் அவருக்குக் கீழே, மாதத்தில் சில நாள் மட்டும் அழைக்கப்பட்டு, நாள்கூலியாக ஊதியம் பெறும் தற்காலிக அறிவிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். குரல் நிலையத்தினுடையது, வேலை நிச்சயம் யாருடையதும் அல்ல.

அலை யாருடையது

இப்போது பண்பலை வந்துவிட்டது. ஒலி தெளிவு, கரகரப்பு இல்லை. அது போகும் தூரம் குறைவு. விளம்பரதாரர் நகரத்தில் இருக்கிறார் என்பதால் தனியார் நிலையங்கள் நகரங்களில் இருக்கின்றன. நாடெங்கும் மத்திய அலை ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுகின்றன. கைபேசியில் மத்திய அலையைப் பிடிக்கும் வசதியே கிடையாது. பழைய நிகழ்ச்சிகளில் பெரும்புள்ளிகளின் கச்சேரிகளும் உரைகளும் ஆவணமாகக் காக்கப்பட்டன. மகளிர் நிகழ்ச்சி போன்ற அன்றாட ஒலிபரப்புகளின் நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டன. எது பாதுகாக்கத் தக்கது என்று முடிவெடுத்த கையும் குமிழைத் திருப்பிய அதே கைதான்.

1995இல் உச்ச நீதிமன்றம், அலைக்கற்றை பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த சமுதாய வானொலிக் கொள்கையில், 2008இல் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' தொடங்கியது. விதை பற்றி அங்கேயும் பேசுகிறார்கள். ஆனால் பேசுகிறவர்கள் விதையைச் சேமிக்கும் பெண்களே. அவர்களுடைய சிறுதானியம், அவர்களுடைய வட்டார வழக்கு. ஒலிபரப்பு மாலையில், வயல்வேலை முடிந்து வந்தபின். ரேடியோ நெல்லையும் சங்கம் ரேடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் விதையைப் பற்றிய அறிவு நிலையத்திலிருந்து வயலுக்கு வருகிறது. மற்றொன்றில் வயலே நிலையமாகிறது. ஆனாலும் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்ல இன்றுவரை அனுமதி இல்லை. பெண்கள் பயிரைப் பற்றிப் பேசலாம், பாடலாம். அரசைப் பற்றிய செய்தியை மட்டும் அரசிடமிருந்தே பெற வேண்டும்.

மாணவிகள் ஊடகங்களைப் படிக்கும்போது ஒரு நிகழ்ச்சி வடிவத்தை மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம். அது எந்த நேரத்தில் வருகிறது, அந்த நேரத்தில் எந்தப் பெண் ஓய்வாக இருக்கிறாள்? அது யாரை விளிக்கிறது, விளிக்காமலே யாரைப் பற்றிப் பேசுகிறது? கேட்டவள் பதில் சொல்ல வழி உண்டா, சொன்னால் அதற்குக் கூலி உண்டா? வானொலிக்கு மட்டுமல்ல, தொலைக்காட்சித் தொடருக்கும் கைபேசியில் வரும் காணொளிக்கும் இவை பொருந்தும்.

திருச்சியின் மத்திய அலை முதல் கேள்வியில் தோற்றது. இரண்டாவதில் பெரும்பாலும் தோற்றது. மூன்றாவதை ஓர் அஞ்சலட்டை அளவுக்கு மேல் அது கேட்டுக்கொள்ளவே இல்லை. அப்படியும் அந்த அலை சேரிக்கும் நடவு வயலுக்கும் அடுப்படிக்கும் காசு வாங்காமல் போய்ச்சேர்ந்தது. எல்லோரையும் எட்டும் அலை, சிலரை மட்டும் எண்ணிப் போட்ட அட்டவணை. இரண்டில் நாம் கைவிட வேண்டியது அட்டவணையை. கைவிடப்படுவதோ அலை.